மூன்று மணிக் கஞ்சி

எட்டு வயதிலேயே முப்பது நோன்பையும் விடாமல் வைத்தவன் என்று எங்கள் உறவுக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டு. இன்றைக்கும் எந்த வீட்டிலாவது ஒரு பிள்ளை பகல் பன்னிரண்டு மணிக்கே பசி தாங்காமல் சிணுங்கினால், பெரியவர்கள் என்னைத்தான் கை நீட்டிக் காட்டுகிறார்கள். நானும் முகத்தை அடக்கமாக வைத்துக்கொள்வேன். அடக்கம் எனக்குப் பிறவியிலேயே வந்தது என்று அவர்கள் நினைக்கிறார்கள். என்னைப் பிறவியிலிருந்து பார்த்த ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது ஒரு நாய்க்குட்டியால் வந்தது.

அத்தாவுக்கு அப்போது கோடைக்கானல் பஜாரில் மளிகைக் கடை. கூக்கால் பக்கத்திலிருந்து மட்டக்குதிரை முதுகில் வந்து இறங்கும் உருளைக்கிழங்கும் பூண்டும் எங்கள் கடையில்தான் நிறுவையாகும். அதற்கென்று உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கும் பெரிய தராசு ஒன்று இருந்தது. தட்டு ஒவ்வொன்றிலும் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம். நான் உட்கார்ந்து அடி வாங்கியிருக்கிறேன். அத்தா நிறுத்தால் ஒரு கிழங்கு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் முற்றம், முற்றத்தின் கடைசியில் விறகுக் கொட்டகை.

ஏரிக்கு மேலே பங்களாவில் இருந்த துரைசாணி அத்தாவைத் தேடி வந்ததற்கு அந்தத் தராசுதான் காரணம். பனிக்காலத்தில் அந்த அம்மாளுக்கு மூட்டெல்லாம் வலிக்கும். பட்லரைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கி, இரண்டு மாதம் வெயிலில் இருந்துவிட்டு வருவது வழக்கம். அந்த வருடம் அவரிடம் ஒரு நாய்க்குட்டி இருந்தது. கிரேட் டேன் என்று ஒரு ஜாதியாம். மூன்று மாதக் குட்டி என்றார்கள். எங்கள் பஜாரில் கிழடு தட்டிய நாய்கூட அந்த உயரம் இல்லை. துரைசாணி அதற்கு இங்கிலீஷில் ஒரு பெயர் வைத்திருந்தார். பஜார் அதைச் சின்னதுரை என்று கூப்பிட்டது.

துரைசாணி பேசப் பேச, பட்லர் தமிழில் சொன்னார்.

"போன வருஷமும் இதே மாதிரி ஒரு குட்டிங்க, ராவுத்தரே. தோட்டக்காரன் பாசத்துல எருமைப் பாலும் நெய்ச்சோறுமா ஊட்டிட்டான். குட்டி பூசணிக்கா கணக்கா ஊதிருச்சு. இந்த ஜாதி வெரசா வளர்றது. எலும்பு எளசு, ஒடம்பு கனம். தாங்குமா? முன்னங்கால் ரெண்டும் வில்லா வளைஞ்சு போச்சு. எந்திரிச்சு நிக்க முடியல. கடைசியில துரைசாணி அழுதுக்கிட்டே துப்பாக்கி எடுத்தாரச் சொல்லிட்டாங்க."

நான் சின்னதுரையைப் பார்த்தேன். அது என் செருப்பின் வாரைக் கடித்து முடித்துவிட்டு அடுத்த கால் செருப்புக்கு வந்திருந்தது. முன்னங்கால் இரண்டும் புதுக் கதவுச் சட்டம் மாதிரி நேராக இருந்தன.

"இந்த ரெண்டு மாசம் பாத்துக்க அள்ளிப் போடுற ஆளு வேண்டாம், நிறுத்துப் போடுற ஆளு வேணுங்கறாங்க," என்றார் பட்லர். தராசைப் புகழ்ந்தால் அத்தா எதற்கும் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொண்டார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நோன்பு வர்ற நேரத்துல வீட்டுக்குள்ள நாயாங்க? தொழுகிற எடத்துல வந்து நக்கி வச்சா என்ன செய்யிறது?"

"வாக்குக் கொடுத்துட்டேன்," என்றார் அத்தா.

"உங்க வாக்கு கொட்டகையில கெடக்கட்டும். வீட்டுப்படி ஏறக் கூடாது." அப்படித்தான் சின்னதுரைக்கு விறகுக் கொட்டகை ஒதுக்கப்பட்டது. அதன் வாய் யார் கையில் பட்டாலும் ஒரு தடவை மண் போட்டும் மிச்சம் ஆறு தடவை தண்ணீரிலுமாக ஏழு தடவை கழுவ வேண்டும் என்பது அம்மாவின் சட்டம். கோடைக்கானலில் மார்கழித் தண்ணீரில் ஏழு தடவை கை கழுவிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நான்காவது தடவைக்கு மேல் கை நம்முடையதாக இருக்காது.

பட்லர் எழுதிக் கொடுத்த காகிதத்தை அத்தா பசை தடவிக் கொட்டகைக் கதவில் ஒட்டினார். நாளுக்கு நான்கு வேளை: ஏழு மணி, பதினொரு மணி, மூன்று மணி, ராத்திரி ஏழு. காலையில் பாலில் ஊறிய ரொட்டி. பதினொன்றுக்குக் கொத்திய கறி. மூன்று மணிக்குப் பாலில் காய்ச்சிய ஓட்ஸ் கஞ்சி, ஒரு முட்டை. ராத்திரி எலும்புச் சாற்றில் பிசைந்த சோறு, ஒரு கரண்டி மீன் எண்ணெய். நெய் கூடாது, இனிப்பு கூடாது, தின்றதும் ஓடவிடக் கூடாது, படி ஏற்றக் கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. வெள்ளிதோறும் நிறுத்துப் பார்க்க வேண்டும். எந்த வாரம் எத்தனை ராத்தல் இருக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கூடினால் கால் வளையும். குறைந்தால் எலும்பு ஊறாது. அதைப் படித்து முடித்தபோது, இந்தக் குட்டியாகப் பிறக்காமல் போனோமே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அத்தா தினமும் காலையில் ஓட்ஸையும் கறியையும் நிறுத்து, பாலை ஆழாக்கில் அளந்து அடுப்படிக்கு அனுப்புவார். அம்மா காய்ச்சித் தருவாள். கடைக் கடிகாரம் பார்த்து எனாமல் கும்பாவைக் கொட்டகைக்குக் கொண்டுபோவது என் வேலை. பள்ளிக்கூடம் பனிக்கால விடுமுறையில் இருந்தது.

இதற்கிடையில் நோன்பு பிறந்தது. அந்த வயதில் நோன்பு எனக்குக் கடமை இல்லை. யாரும் வைக்கச் சொல்லவும் இல்லை. ஆனால் மாமா ஒருவர் இருந்தார். அம்மாவுக்குத் தம்பி. அய்யம்பாளையத்திலிருந்து மேலே வந்து எங்களோடு தங்கி, பழக்கூடைகளை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோகிற சோலி பார்த்தார். வெறும் வாயால் மனிதனைச் சீண்டிப் பார்ப்பது அவருக்குப் பொழுதுபோக்கு.

"ஏலே மருமகனே, நீ மூணு நோன்பு தாண்டமாட்டே."

"முப்பதும் வைப்பேன்."

"வச்சுட்டா பெருநாளைக்கு மறுநாள் லாரியில முன்சீட்டு. வத்தலக்குண்டு வரைக்கும்."

லாரியின் முன்சீட்டு என்பது அந்தக் காலத்தில் சாதாரண விஷயமல்ல. அத்தாவே அதில் உட்கார்ந்ததில்லை. எல்லோர் முன்னாலும் சத்தியம் செய்தேன்.

முதல் இரண்டு நோன்பும் பெருமையிலேயே கழிந்தன. மூன்றாம் நாள் மூன்று மணிக்குக் கும்பாவை எடுத்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தபோது, பனிக்காற்றில் அந்தக் கஞ்சியின் ஆவி நேராக என் மூக்கைத் தேடி வந்தது. ஏலக்காய் இல்லை, சர்க்கரை இல்லை, வெறும் பாலும் ஓட்ஸும். இருந்தாலும் என் கால் விறகுப் பக்கம் திரும்பிவிட்டது. விறகுக் கட்டைகளின் மறைவில் குந்தினேன். அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்த அழகை நினைத்தால் இப்போதும் வியப்பாக இருக்கிறது. நாய் வாய் வைத்த பிறகு சாப்பிட்டால்தானே அசுத்தம்? நாய்க்கு முந்திக்கொண்டால் சுத்தம்தானே? இந்தத் தீர்ப்பை எனக்கு நானே வழங்கிக்கொண்டு, அங்கே கிடந்த சிரட்டையை அலசி, கும்பாவில் பாதியை அதில் ஊற்றிக் குடித்தேன். சுத்தத்தைப் பற்றி அவ்வளவு யோசித்தவனுக்கு, நோன்பைப் பற்றிய யோசனை குடித்து முடித்த பிறகுதான் வந்தது.

மீதியைச் சின்னதுரை நான்கு நக்கில் முடித்தது. பிறகு என்னைப் பார்த்தது. நான் வேறு பக்கம் பார்த்தேன். ஆறு மணிக்கு எல்லோருடனும் உட்கார்ந்து, நாக்கு வறண்டவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நோன்பு திறந்தேன். "புள்ள வாடிப் போனான்," என்றார் அத்தா. மறுநாளும் வாடினேன். அதற்கு மறுநாளும்.

வெள்ளி வந்தது. ஜும்மாவுக்கு முன் கடையில் நிறுவை. ஒரு தட்டில் சின்னதுரை, மறு தட்டில் படிக்கற்கள். குட்டி தட்டில் நிற்க, தட்டு ஆட, குட்டி பயந்து என் தோளில் இரண்டு காலையும் போட்டுக்கொள்ள, என் எடையும் அதில் சேர்ந்துவிட, அத்தா என்னைத் தலையில் தட்டித் தள்ளி நிறுத்தினார். தராசின் நாக்கு அசையாமல் நின்றதும் படிக்கற்களை எண்ணினார். காகிதத்தைப் பார்த்தார். மறுபடி எண்ணினார்.

"ரெண்டு ராத்தல் கொறையுது."

"கொறையாம என்ன செய்யும்?" என்றார் மாமா. "மருந்து மாதிரி நிறுத்து நிறுத்துப் போட்டா? நல்ல ஆட்டு வாலுக் கொழுப்பா நாலு உருண்டை உருட்டிப் போடுங்க மச்சான். இல்ல, இதையும் நோன்பு வைக்கச் சொல்லிட்டீங்களா?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்து, நடுவில் இருமல் வந்து நிறுத்தினேன்.

அத்தா சிரிக்கவில்லை. "கொழுப்புப் போட்டுத்தான் போன குட்டி செத்துச்சு. என் நிறுவை தப்பாது. அப்ப வயித்துக்குள்ள போறதுலதான் தப்பு. காக்கா கொத்துதா, கீழ சிந்துதா, தெரியல. நாளையிலேருந்து மூணு மணிக்கு நானே வந்து நிக்கிறேன்." பதினொரு மணி, ஏழு மணி எல்லாம் இருக்க அத்தா ஏன் மூன்று மணியைப் பிடித்தார் என்பது அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

உள்கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "அந்நேரந்தான் கூக்கால் குதிர வரும். கடையில யாரு நிப்பா? நீங்க உங்க சோலியப் பாருங்க. அடுப்படி ஜன்னல்லேருந்து நான் பாத்துக்கிறேன்."

அடுப்படி ஜன்னலிலிருந்து கொட்டகையின் முன்பக்கம்தான் தெரியும், விறகு மறைவு தெரியாது என்று நான் முன்பே சோதித்து வைத்திருந்தேன். நிம்மதியாக இருந்தது. இருந்தும் அன்று ஒரு நாள் நல்லவனாக இருந்து பார்ப்பது என்று முடிவு செய்து, கஞ்சி முழுவதையும் குட்டிக்கே வைத்தேன். வைத்துவிட்டு அது நக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்குக் கண்ணில் நீர் வந்தது. மனம் திருந்தியதால் வந்த நீர் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் மூன்று மணிக்குக் கும்பா கனத்தது. முந்தின நாளெல்லாம் பாதி மட்டத்தில் நிற்கிற கஞ்சி, விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மறைவில் போய் உட்கார்ந்து பார்த்தால், ஒரு ஓரத்தில் மட்டும் லேசாகப் பழுப்பு நிறம். அந்தப் பக்கம் சிரட்டையால் முகந்து வாயில் வைத்தேன். கருப்பட்டி! ஓட்ஸ்கூட இல்லை, குழைய வெந்த அரிசி நொய். மறு ஓரத்தில் முட்டையும் ஓட்ஸும் வெள்ளையாகத் தனியே நின்றன. நான் பழுப்பைக் காலி செய்ததும் வெள்ளையைச் சின்னதுரை காலி செய்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. நாலாம் நாள் கும்பாவின் விளிம்பில் ஒரு சின்னப் பித்தளைக் கரண்டியும் செருகியிருந்தது. சிரட்டையில் ஊற்றினால் சட்டையில் சிந்திக்கொண்டிருந்ததால் அதுவும் வசதியாகப் போயிற்று.

இது எப்படி நடக்கிறது என்று நான் யோசிக்காமல் இல்லை. பள்ளிவாசலில் ஹஜ்ரத் சொல்லியிருந்தார்: இந்த மாதத்தில் உணவில் பரக்கத் இறங்கும், கொஞ்சம் இருந்தாலும் பெருகிப் பலருக்குக் காணும். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் பரக்கத் கும்பாவில் இறங்குகிறது. அதுவும் கருப்பட்டியோடு. நோன்பை முறித்தவன் கஞ்சியில் ஏன் இறங்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன்: நாயைப் பார்த்து இறங்குகிறது, நான் பக்கத்தில் இருக்கிறேன். அடுத்த வெள்ளி நிறுவையில் சின்னதுரை காகிதத்தில் இருந்த ராத்தலுக்கு அரை ராத்தல்தான் குறைவு. அதற்கடுத்த வெள்ளி அச்சாக நின்றது. "பாத்தியா?" என்று அத்தா மாமாவின் பக்கம் திரும்பினார். "நிறுவைன்னா நிறுவை."

அந்த மாதம் நோன்பு திறந்ததும் அம்மா கடுங்காப்பிதான் குடித்தாள். "பால் விட்டுக் குடிச்சா என்ன?" என்று அத்தா ஒருநாள் கேட்டார். தலைவலிக்குக் கடுங்காப்பிதான் கேட்கும் என்றாள். எனக்கு அது கசக்கும் என்பதால், அம்மாவின் தலைவலி எனக்கு வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

இருபத்தைந்தாம் நோன்பன்று விடிகாலையில் சின்னதுரை முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் நின்றது. மூன்று காலில் இரண்டு அடி வைத்து உட்கார்ந்துவிட்டது. மாமா குனிந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"கால் வளைய ஆரம்பிச்சிருச்சு மச்சான். நான் அன்னிக்கே சொன்னேன்."

அத்தா காகிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார். அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. கூடினால் கால் வளையும், குறைந்தால் எலும்பு ஊறாது. குறைந்தது எங்கே என்று உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். அன்று பதினொரு மணிக்கும் குட்டி எழவில்லை, படுத்தபடியே கறியைத் தின்றது. என்னைப் பார்த்து வாலை மட்டும் அடித்தது. துப்பாக்கி எப்படி இருக்கும், எந்தப் பக்கம் வைத்துச் சுடுவார்கள் என்றெல்லாம் எனக்குப் படம் படமாக ஓடியது. இரண்டு மணிக்குமேல் தாங்கவில்லை. முன்சீட்டும் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று அடுப்படிக்கு ஓடினேன்.

அம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தாள்.

"அம்மா, நான் வந்து... அந்தக் கஞ்சிய..."

"சின்னதுரைக்கு ஒண்ணுமில்ல," என்றாள் அம்மா, திரும்பாமலே. "பாதத்துல மரச் செரா தச்சிருந்துச்சு. விறகுக்குள்ள புரண்டா தைக்காம என்ன செய்யும்? எடுத்துட்டேன்."

"கால் வளையலயா?"

"வளையல. இப்ப நாலு கால்லயும் நிக்கிது, போய்ப் பாரு."

அவள் கை இரண்டும் முழங்கை வரைக்கும் சிவந்து விறைத்திருந்தன. நெருப்பில் காட்டிக்கொண்டிருந்தாள். ஏழு தடவை கழுவியிருக்கிறாள்.

"அம்மா, கஞ்சி..."

"கஞ்சி இன்னும் ஆறல. மூணு மணிக்கு வா." அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்து, "நோன்புக்காரப் புள்ள, இப்படி ஓடாதே. நாக்கு வறண்டுரும்," என்றாள்.

நல்லவேளை, அம்மா பேசவிடவில்லை, தப்பித்தோம் என்று கொட்டகைக்கு ஓடினேன். சின்னதுரை நான்கு காலிலும் நின்று என் மூன்றாவது ஜோடிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு இருவரும் திருப்தியாகச் சாப்பிட்டோம்.

பெருநாள் வந்தது. முப்பதும் முடித்தவன் என்று அத்தா எனக்கு வெல்வெட் தொப்பி வாங்கித் தந்து, பள்ளிவாசலில் பார்த்தவரிடமெல்லாம் என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார். "அட்டுவம்பட்டி வரைக்கும் சொல்லிட்டு வந்துருவீங்க போல," என்றாள் அம்மா. சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் மாமா சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். முன்சீட்டில் உட்கார்ந்தேன். பெருமாள்மலை வளைவு வருவதற்குள், பெருநாள் பிரியாணி முழுவதையும் மாமாவின் புதுச் சட்டையில் திருப்பிக் கொடுத்தேன். மீதி வழியைப் பழக்கூடைகளுக்கு நடுவில் படுத்தபடி கடந்தேன். வத்தலக்குண்டு எப்படி இருந்தது என்று கேட்டவர்களுக்கு ரொம்ப அகலம் என்று சொன்னேன்.

பெருநாளோடு பரக்கத்தும் நின்றுவிட்டது. கும்பா பழையபடி பாதி மட்டத்துக்கு இறங்கியது. கருப்பட்டி ஓரம் இல்லை, கரண்டி இல்லை. மாதம் முடிந்தால் முடிந்ததுதான், வானத்தில் எவ்வளவு ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்று வியந்தேன். கஞ்சி முழுவதும் சின்னதுரைக்கே போயிற்று. என்ன ஆச்சரியம், அந்த வெள்ளியும் எடை அச்சாகத்தான் நின்றது.

தை முடியும்போது துரைசாணி வந்தார். சின்னதுரை அவர் தோளில் கால் போடும் உயரம் வளர்ந்திருந்தது. அந்த அம்மாள் அதன் விலாவில் விரல்களை ஓட்டிப் பார்த்தார். பிறகு கடை வாசலிலேயே மண்டியிட்டு, முன்னங்கால் இரண்டையும் மேலிருந்து கீழ் வரை தடவிப் பார்த்தார். எழுந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி அளவா வளர்த்த ஆள இவங்க பாத்ததே இல்லையாம்," என்றார் பட்லர்.

அத்தா தராசைக் கை காட்டினார். அதற்குப் பிறகு பல வருடம், கடைக்கு வரும் புது ஆளுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். அம்மா உள்கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள், ஒரு நாளும் திருத்தியதில்லை. நானும் திருத்தியதில்லை.

அத்தா நிறுத்துக் கொடுத்தது ஓட்ஸ், அரிசி நொய் அல்ல. அளந்து கொடுத்த பாலும் ஒரு குட்டிக்கு உண்டானதுதான். கதவில் ஒட்டிய காகிதத்தில் இனிப்பு கூடாது என்று எழுதியிருந்ததை நான் தினமும் நான்கு வேளை பார்த்தேன். மீன் எண்ணெய்க்கு உரிய கரண்டி, கொட்டகைக்குள் ஆணியில் என் தலைக்கு மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது. நோன்பு, சுத்தம், பரக்கத் என்று அவ்வளவு பெரிய விஷயங்களையெல்லாம் விறகுக் கட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து யோசித்துத் தீர்த்தவனுக்கு, நாய்க்குக் கரண்டி எதற்கு என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.